27 வயதில் மார்பில் கட்டி, டெஸ்ட் வேண்டாம் என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

கரூர்_27:

வணக்கம். எனக்கு 27 வயது, கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஆனி மாதம் குளிக்கும்போது இடது மார்பில், மேல் பக்கம் அக்குளை ஒட்டி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரியது, வலி இல்லை. மாதவிலக்கு வந்து போனால் கரைந்துவிடும் என்று காத்திருந்தேன், இரண்டு முறை வந்து போன பிறகும் அப்படியே இருந்தது. அப்புறம் அம்மாவிடம் சொல்லி ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தார். "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், ஹார்மோன் கட்டி, கல்யாணம் ஆகி குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்று சொல்லி மூன்று மாதத்துக்கு வைட்டமின் ஈ மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். "நெட்ல பார்த்துட்டு வந்தியா?" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

மாத்திரை தீர்ந்துவிட்டது. கட்டி இப்போது சின்ன நெல்லிக்காய் அளவு இருக்கிறது, கையை வைத்தாலே தெரிகிறது. எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் அக்காவிடம் கேட்டேன், மார்பகப் பரிசோதனை 30 வயதுக்கு மேல்தான் என்கிறார். வீட்டில் தை மாதம் நிச்சயம் வைப்பதாகப் பேச்சு நடக்கிறது, இப்போது ஆஸ்பத்திரி அது இது என்று அலைந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். ஊசி குத்திப் பார்த்தால் அது உடம்பெல்லாம் பரவிவிடும் என்றும் சொல்கிறார், அவருடைய அக்காவுக்கு, என் பெரியம்மாவுக்கு, அப்படித்தான் ஆனதாம்.

நான் கேட்பது இதுதான். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் டெஸ்ட் வேண்டும் என்று கேட்கலாமா? யாரிடம் போய், என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது?

---

காவிரிக்கரை அக்கா:

தங்கச்சி, கேட்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கேள். நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் உன் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு 31, இரண்டாவது பிள்ளைக்கு ஏழு மாதம், பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வலது மார்பில் ஒரு பக்கம் கெட்டியாக இருந்தது. பால் கட்டியிருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார் மாமியார். மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன், முட்டைக்கோஸ் இலை வைத்தேன். டாக்டரும் பால் கட்டு என்றுதான் சொன்னார். ஒரு வாரம் ஆன்டிபயாடிக், குறையவில்லை என்றதும் இன்னொரு வாரம் வேறு ஆன்டிபயாடிக். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, பிள்ளை குடித்த பிறகும் அந்த இடம் மட்டும் இளகவே இல்லை. பால் கட்டு என்றால் குடித்த பிறகு கொஞ்சமாவது தளரும், முதல் பிள்ளைக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனால் அதை டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது.

மூன்றாவது முறை போவதற்கு முன் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்துப் போனேன், ஏனென்றால் அவர் முகத்தைப் பார்த்தால் மறந்துவிடும். எழுதியது இவ்வளவுதான்: எந்தத் தேதியில் கவனித்தேன், அப்போது என்ன அளவு, இப்போது என்ன அளவு, இரண்டு மருந்துக்கும் குறையவில்லை. கடைசியில் ஒரு வரி, "இது என்னவென்று தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் டாக்டர், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுங்கள்." வாசித்தே காட்டினேன். பால் கொடுக்கும்போது ஸ்கேனில் ஒன்றும் சரியாகத் தெரியாது என்றார். சரி, அப்படியானால் ஸ்கேன் தேவையில்லை, காரணம் இன்னது என்று ஓ.பி. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறேன் என்றேன். குரல் நடுங்கியது, மடியில் பிள்ளை வேறு அழுதுகொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஸ்கேனுக்கே எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனில் சந்தேகம், மறுநாளே பயாப்ஸி, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத வகைப் புற்றுநோய். முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கதிர் சிகிச்சை. பிள்ளைக்குப் பாலை நிறுத்திய அன்று அழுதது போல் நான் நோய் என்று தெரிந்த அன்றுகூட அழவில்லை. இப்போது நான்கு வருடம் முடிந்துவிட்டது, செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறேன், சின்னவள் எல்.கே.ஜி. படிக்கிறாள்.

உனக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் இருக்காது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது. அப்புறம், பெரியம்மாவுக்கு என்ன ஆனது? எந்த வயதில்? அதை டாக்டரிடம் சொன்னாயா?

---

அமராவதி மைந்தன்:

சின்னப் பெண்ணை ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? என் அக்கா மகளுக்கும் 22 வயதில் வந்தது, சாதாரணக் கொழுப்புக் கட்டி என்றார்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்த வயதில் வருவது எல்லாம் அதுதான். தேவையில்லாமல் டெஸ்ட் எடுத்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கல்யாண நேரம் வேறு.

---

ஸ்கேன் அறை:

பதினோரு வருடமாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே), ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, ஆனால் இந்தக் குழப்பத்தைத் தினமும் பார்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மேலே எழுதிய அண்ணன் சொல்வதில் பாதி சரி. 20களில் வரும் கட்டியில் மிக அதிகம் ஃபைப்ரோஅடினோமாதான், கெடுதல் இல்லாதது, விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் உங்கள் அக்கா மகளுக்கு அது கொழுப்புக் கட்டி என்று "சொன்னார்கள்" அல்லவா, எப்படிச் சொன்னார்கள்? யாரோ பார்த்து, டெஸ்ட் எடுத்துத்தானே சொல்லியிருப்பார்கள். இந்தத் தங்கைக்கு அந்த வேலையே இன்னும் நடக்கவில்லை. இளம் வயதில் வரும் புற்றுநோயில் சில, முக்கியமாக அந்த அக்கா எழுதிய ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை, ஸ்கேனிலேயே உருண்டையாக, ஓரம் சீராக, நல்ல கட்டி மாதிரியே தெரியும். ஸ்கேனுக்கே அந்தக் கஷ்டம் என்றால் விரலால் தொட்டு எப்படிச் சொல்ல முடியும்?

30 வயதுக்கு மேல்தான் என்று உங்கள் தெருவுக்கு வரும் திட்டத்து அக்கா சொன்னது தப்பில்லை, ஆனால் அது உங்களுக்கானது இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களை வரிசையாகக் கூப்பிட்டுப் பார்ப்பது ஸ்கிரீனிங். அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது என்பது அதற்குப் போட்ட கணக்கு. கையில் தட்டுப்படும் கட்டி இருக்கிறவர் ஸ்கிரீனிங்குக்கு வருபவர் இல்லை, நோய்க்குறியோடு வருபவர், அவருக்கு 19 வயதானாலும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். மேலை நாடுகளைவிட நம் நாட்டுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சராசரியாகப் பத்து வயது முன்னதாகவே வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன டெஸ்ட் என்றால், 30க்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான், இரண்டு மார்புக்கும் அக்குளுக்கும் சேர்த்து. இளம் வயதில் மார்பு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, ஒன்றில் ஒன்று மறைந்துவிடும். அதனால் மேமோகிராம் எடுக்காமல் ஸ்கேன் மட்டும் எழுதினால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பால் கொடுக்கும்போதும் கர்ப்பத்திலும்கூட ஸ்கேன் எடுக்கலாம், படம் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2 என்றால் கெடுதல் இல்லாதது. 3 என்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை, வழக்கமாக ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4 என்றால் பயாப்ஸி வேண்டும். அதில் 4ஏ, 4பி, 4சி என்று மூன்று படி உண்டு, 4ஏ என்றால் 10 சதவீதத்துக்குள்தான், உடனே இடிந்துபோக வேண்டாம். 5 என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாத சந்தேகம். 3 என்று வந்தாலும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்தால் ஆறு மாதம் உட்கார்ந்திருக்கக் கூடாது, வளர்கிறது என்று சொல்லி பயாப்ஸி கேளுங்கள். உங்களுக்கு மூன்று மாதத்தில் பட்டாணி நெல்லிக்காய் ஆகியிருக்கிறது, ஸ்கேன் எடுப்பவரிடமும் இதைச் சொல்லுங்கள், சீட்டில் அது எழுதியிருக்காது.

பயாப்ஸி என்றால் கோர் பயாப்ஸி கேளுங்கள், ட்ரூ-கட் என்றும் சொல்வார்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யில் செல்கள்தான் வரும், கோரில் சதைத் துணுக்கே வரும், அதில்தான் முழுசாகத் தெரியும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு எடுப்பார்கள், ஸ்டேப்ளர் அடிப்பது போல டக்கென்று ஒரு சத்தம், அதற்குத்தான் எல்லாரும் திடுக்கிடுவார்கள். அரை மணி நேரம், அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஊசி குத்தினால் பரவும் என்பதை அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: பயாப்ஸி எடுத்ததால் புற்றுநோய் பரவுவதில்லை. நம்மூரில் ரொம்ப முற்றிய பிறகுதான் ஊசி வரைக்கும் வருகிறார்கள், சீக்கிரமே நிலைமை மோசமாகிறது, பழி ஊசி மேல் விழுகிறது.

போக வேண்டியது அறுவை சிகிச்சை மருத்துவரிடம், மார்பக அறுவை நிபுணர் இருந்தால் இன்னும் நல்லது. கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே சர்ஜரி ஓ.பி.க்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

---

நூல்மில் பெண்:

எனக்கு 24 வயதில் வந்தது ஃபைப்ரோஅடினோமாதான். ஸ்கேனில் 3 என்று வந்தது, கட்டி பெரிசாகிறது என்று சொல்லி கோர் எடுக்கச் சொன்னேன், ஒன்பதாவது நாள் ரிப்போர்ட் வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன். டெஸ்ட் எடுத்தால் மனசு கெடும் என்று மேலே ஒருவர் சொல்கிறார், எனக்குக் கெட்டது எடுக்காமல் இருந்த அந்த எட்டு மாதம்தான்.

கல்யாணப் பேச்சு எனக்கும் நடந்துகொண்டிருந்தது. வேலை இடத்தில் பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு அத்தையோடு போய் வந்தேன். அம்மா வரத் தயங்கினால் வேறு யாராவது ஒருவரைக் கூட்டிப் போங்கள், தனியாக மட்டும் போகாதீர்கள். டாக்டர் சொல்வதில் பாதி நம் காதில் விழாது.

இன்னொன்று. ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். நாம் எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. வேறு டாக்டரிடம் இரண்டாம் கருத்து கேட்க வேண்டுமானால் பயாப்ஸி ஸ்லைடையும் (துணுக்கு ஒட்டிய கண்ணாடித் தகடு) பிளாக்கையும் (துணுக்கு பதித்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

---

கரூர்_27:

எல்லோருக்கும் நன்றி. காவிரிக்கரை அக்கா, பெரியம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அன்று ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு மார்பில்தான் இருந்ததாம், இறக்கும்போது வயது 39. கட்டி தெரிந்து ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார், புண்ணாகி வாடை வந்த பிறகுதான் ஊசி. இதை அம்மா முதல்முறையாக இப்போதுதான் முழுசாகச் சொல்கிறார், சொல்லி முடித்துவிட்டு அழுதார். என்னைப் பார்த்த டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எனக்கே சரியாகத் தெரியாதே.

திங்கட்கிழமை சர்ஜரி ஓ.பி.க்குப் போனோம், அம்மாவும் வந்தார். நான்கு வரி எழுதி எடுத்துப் போனேன். பெரியம்மா 39 வயதில் என்றதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அன்றைக்கே ஸ்கேன். 2.6 செ.மீ., பைராட்ஸ் 4ஏ. புதன்கிழமை கோர் பயாப்ஸி எடுத்தார்கள், அந்தச் சத்தத்துக்கு நானும் திடுக்கிட்டேன், ஆனால் வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. இடத்தில் கொஞ்சம் நீலம் கட்டியிருக்கிறது.

ரிப்போர்ட் அடுத்த வியாழன். எது வந்தாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.

---

காவிரிக்கரை அக்கா:

வியாழன் காலை நானும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன். நீலம் கட்டியது ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும், ஐஸ் துணியில் சுற்றி வை. இன்னொரு விஷயம், முடிவு நல்லதாகவே வந்தாலும் பெரியம்மா விஷயத்தை வைத்து மரபணு ஆலோசனை வேண்டுமா என்று அந்த டாக்டரிடம் கேட்டுவிடு, குடும்பவழி வரும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க பி.ஆர்.சி.ஏ. என்று ஒரு ரத்த டெஸ்ட் இருக்கிறது, எனக்கும் எடுத்தார்கள். அம்மாவையும் ஒருமுறை மேமோகிராம் எடுக்கச் சொல், கூடவே கூட்டிப் போய்விடு.