ரேசிங் பெடல் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் கியர்:

நான் மாட்டவில்லை, கார் வாங்கும்போதே பெடல்கள் மேல் அந்த அலுமினியத் தகடுகள் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் போட்டிருந்தார். துளை போடாமல், பழைய ரப்பர் மேலேயே வைத்துக் கொக்கியால் கவ்வ விடுகிற வகை. உங்களுக்குத் தெரியாததா. பார்க்க ஜோராக இருந்தது, கிளட்சும் பிரேக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கவே தோன்றவில்லை.

ஏற்றத்தில் ஒரு லாரியை முந்துவதற்காக அடிவரை மிதித்தேன். முந்தியாயிற்று, முன்னால் வளைவு, காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கவே இல்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த நொடிதான். என் கால் பெடலில் இல்லை, கார் மட்டும் முழு மூச்சில் இழுத்துக்கொண்டு போகிறது. கிளட்சை மிதித்தேன். எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கிற ரெவ் லிமிட்டரில் போய் முட்டி முட்டி அலறியது. பிரேக்கை அழுத்தி ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஆக்சிலரேட்டர் தகடு ரப்பரிலிருந்து கீழே நழுவி, அதன் விளிம்பு காலடியில் விரித்திருந்த மேட்டின் (தரைவிரிப்பின்) ஓரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தட்டினேன், டக்கென்று மேலே வந்துவிட்டது. அவ்வளவு லேசாகத்தான் மாட்டியிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ரெட்லைன்:

மூன்றாம் கியர், தப்பித்தீர்கள், சந்தோஷம். ஆனால் பழியைப் பெடல் மேல் போடாதீர்கள். தரையில் இருக்கிற கொக்கியில் மாட்டாத மேட், கம்பெனி பெடலைக்கூடச் சிக்க வைக்கும்.

என் கதை மழையில் நடந்தது. என்னுடையது போல்ட் போட்ட செட்தான், அசையாது. பளபளவென்று பாலிஷ், வரிசையாக வட்ட ஓட்டைகள், நடுவில் பொட்டுப் பொட்டாக ரப்பர். அந்த ரப்பர் தேய்ந்து தகட்டோடு மட்டமாகிவிட்டது என்பது காய்ந்த ஷூவுக்குத் தெரியாது. சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நிற்கிறேன். ஷூ அடி முழுக்க ஈரம். இடது கால் சர்ரென்று பக்கவாட்டில் வழுக்கியது, கிளட்ச் மேலே வந்து அடித்தது. கார் ஒரு குதி குதித்து அணைந்தது. முன்னால் நின்ற சைக்கிளுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஆள் திட்டவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார், சைக்கிளை நகர்த்தி ஓரமாக வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது சொரசொரப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். பிடிப்பு பிரமாதம். ஷூ அடியைத்தான் அரித்துத் தின்கிறது.

பழைய கேபிள்:

ரெட்லைன் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2009-இல் மேட்டில் ஆக்சிலரேட்டர் சிக்குகிறது என்று டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மேட்டை மட்டும் மாற்றிவிட்டு விட்டார்களா? பெடலின் அடிப்பகுதியையும் சீவிச் சுருக்கினார்கள். கார் செய்தவனே நீளத்தைக் குறைத்த இடத்தில் நாம் காசு கொடுத்துத் தகடு வைத்து நீட்டுகிறோம். மேட் மேல் மட்டும் எப்படிப் பழி போடுவது?

எனக்கு நடந்தது சின்னது. பழைய இரண்டு சீட் கார், கேபிள் ஆக்சிலரேட்டர். பிரேக் தகட்டைப் பிடித்த போல்ட்டின் வால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது ஷூவின் முனை அதில் போய் மாட்டியது. பிரேக்கின் மேலே போகவேண்டிய கால் பிரேக்கின் கீழே நிற்கிறது. வெறும் வாசல் முன்னால்தான், கார் ஊர்ந்துகொண்டிருந்தது, அதனால் பிழைத்தேன்.

சரி, இனி மாட்டப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போல்ட் போட்டால் நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரைக்கு மேல் நீளக்கூடாது, மிச்சத்தை அறுத்து அரம் போட்டு மழுங்கடியுங்கள். சாதாரண நட்டு வேண்டாம், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுதான் அதிர்வுக்குத் தாங்கும். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தகடு வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடுகிற ஷூக்களில் அகலமானதைப் போட்டுக்கொண்டு பிரேக்கை மட்டும் மிதியுங்கள், ஆக்சிலரேட்டர் உரசினால் தகடு பெரிது என்று அர்த்தம். பெடல்களின் உயரத்தை எஞ்சின் அணைந்திருக்கும்போது பார்க்காதீர்கள். அணைத்த வண்டியில், பிரேக் மிதிப்புக்குக் கைகொடுக்கிற பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்துவிட்டால் பிரேக் பெடல் கல்லாக நிற்கும், இறங்காது. வண்டி நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், பலமாக பிரேக் பிடியுங்கள். அப்படி இறங்கிய நிலையில் பிரேக் தகடு ஆக்சிலரேட்டருக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ இருந்தால்தான் ஹீல் அண்ட் டோ (கியர் இறக்கும்போது ஒரே பாதத்தால் பிரேக்கைப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரையும் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றுவது) வரும். அதைவிடக் கீழே போனால், அவசரத்தில் பிரேக்கை மிதிக்கிற கால் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும். இன்னொன்று, பிரேக் தகடு பழைய பெடலுக்குக் கீழே தொங்கினால் நெம்புகோல் நீளம் கூடுகிறது. நுனியில் மிதித்தால் பிரேக் லேசாகத் தெரியும், பயணமும் அதிகமாகும். காலுக்குப் பழகிய அளவு மாறிவிடும்.

ஆக்சிலரேட்டர் சிக்கினால்: பிரேக்கை ஒரே முறை பலமாக அழுத்தி அப்படியே பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். எஞ்சினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது பூஸ்டருக்குப் புதிதாக வெற்றிடம் கிடைக்காது, இருப்பதையும் தீர்த்துவிடுவீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், எஞ்சின் அலறினால் அலறட்டும். சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

சைலன்சர்:

பழைய கேபிள் அண்ணா, இத்தனையும் சொன்னீர்கள், ஹீல் அண்ட் டோ பகுதி உங்கள் காருக்குத்தான் பொருந்தும். என்னுடையது எலெக்ட்ரானிக் த்ராட்டில். பெடலில் இருப்பது சென்சார், எவ்வளவு திறக்கவேண்டும் என்று முடிவு செய்வது கணினி.

டிராக்குக்குப் போவதற்காகவே ஆக்சிலரேட்டர் தகட்டுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்தினேன். நிறுத்தி வைத்த வண்டியில் பழகியாயிற்று, கட்டைவிரல் பக்கம் பிரேக், பாதத்தின் வெளிவிளிம்பு ஆக்சிலரேட்டர், அழகாக வந்தது. முதல் பெரிய வளைவு. பிரேக், கிளட்ச், கியர் இறக்கம், பாதத்தைச் சாய்த்து ஒரு தட்டு. எஞ்சின் வேகத்தைக் காட்டுகிற டேக்கோமீட்டர் முள் அசையவில்லை. செத்த மாதிரி இருந்தது. கிளட்சை விட்டதும் முன்சக்கரங்கள் கீச்சிட்டன, பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் த்ராட்டிலைக் குறைக்கிற பாதுகாப்பு அது. எல்லாக் காரிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, சிலவற்றில் ஒரு சின்னத் தட்டை விட்டுவிடும். என் காரில் விடவில்லை. ஸ்பேசரைக் கழற்றிவிட்டேன். மூன்றாம் கியர் காரில் இந்த வசதி இருந்திருந்தால் அந்த வளைவில் இவ்வளவு பயந்திருக்க மாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் மனம் வரவில்லை.

மூன்றாம் கியர்:

நியூட்ரல், சாவி, வெற்றிடம் எல்லாம் சரி அண்ணா. அந்த நொடியில் கிளட்ச் ஒன்றுதான் கால் அறிந்தது. அறிவுரை கேட்டு நான் எழுதவில்லை, யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

நடந்திருக்கிறது, வேறு மாதிரி. மாலையில் மாட்டி முடித்தேன். துளை போட வசதியாக இருக்கட்டும் என்று பிரேக் பெடலையே கழற்றி வெளியே எடுத்திருந்தேன். இரும்புத்தூள் கார்ப்பெட்டில் விழாது, தலைகீழாகப் படுத்துக் கழுத்தை ஒடிக்கவும் வேண்டாம். வேலை சுத்தமாக முடிந்தது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஜன்னல் வழியே பார்க்கிறேன், காருக்குப் பின்னால் இருக்கிற சுவர் முழுக்கச் சிவப்பு. தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்து வெறுங்காலோடு ஓடினேன். பிரேக் விளக்கு! வண்டி பூட்டியிருக்கிறது, பெடலில் யாரும் இல்லை, விளக்கு எரிகிறது. காலையில் பேட்டரி காலி.

பெடல் தண்டின் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஸ்விட்ச்சுதான் காரணம். பல கார்களில் அது தானாக அளவு பிடித்துக்கொள்கிற வகை. பெடல் இல்லாதபோது அதன் முனை முழுக்க வெளியே வந்துவிடும், பெடலைத் திரும்ப வைக்கும்போது முறையாக அமர்த்தாவிட்டால் எப்போதும் மிதித்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இதை எந்தச் செட்டின் பெட்டியிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. கொக்கி வகை மோசம் என்கிறீர்கள், அந்த வகையில் இந்தத் தலைவலி மட்டும் கிடையாது.

ரெட்லைன்:

ஸ்பேனர், அதற்காகக் கொக்கிக்கு நல்ல பேர் கொடுத்துவிடாதீர்கள். பெடலைக் கழற்றாமலேயே துளை போடலாம். பின்னால் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, கீழே ஈரத்துணி விரித்தால் போதும். பிளாஸ்டிக் ஆக்சிலரேட்டராக இருந்தால் மட்டும் கழற்றுங்கள், இக்னிஷனை அணைத்துவிட்டு. அழுத்தித் துளைத்தால் விரிசல் விடும்.

டெட் பெடல்:

நான் கிளட்ச், பிரேக் இரண்டுக்கும் மட்டும் போல்ட் போட்டேன், ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. பார்க்கக் கொஞ்சம் பொருந்தாமல்தான் இருக்கிறது, பரவாயில்லை. மழைக்காலம் முடிந்து பார்த்தால் பிரேக் பெடலில் துளை ஓரம் பழுப்பேறியிருக்கிறது. துளைத்ததும் பெயிண்ட் தொட்டு வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தகட்டைக் கழற்றாமல் உள்ளே எட்டவைக்க வழி உண்டா?