கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்: சீயஸ் எறியும் மல்டிப்ளையர் எப்போது காசாகும்?

கேள்வி | தேம்ஸ்கரை

பிராக்மேட்டிக் ப்ளே 2021-ல் வெளியிட்ட கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் என்ற ஆன்லைன் ஸ்லாட்டின் (பணம் கட்டிச் சின்னங்களைச் சுழலவிடும் விளையாட்டு) கணக்கு பற்றி மூன்று சந்தேகம். சாதாரண ஸ்பினில் (ஒரு சுழற்சியில்) கிரேக்கக் கடவுள் சீயஸ் எறியும் 100 மடங்கு உருண்டை, அதாவது வெற்றியைப் பெருக்கும் மல்டிப்ளையர், விழுந்தும் சில தடவை ஒன்றுமே வராது, ஏன்? ஃப்ரீ ஸ்பினில் (இலவசச் சுழற்சிகளில்) மொத்த மல்டிப்ளையர் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் எல்லா வெற்றியையும் அது பெருக்குவதில்லை. அது பிழையா, விதியா? பெட்டின் (பந்தயத் தொகையின்) 100 மடங்கு கொடுத்து ஃப்ரீ ஸ்பினை நேராக வாங்குவது கணக்குப்படி மேலா? விதி தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்கள்.

பதில் 1 | ரீல்கணக்கு

முதலில் பலகையைப் பாருங்கள். 6 ரீல் (சுழலும் நெடுவரிசை), ஒவ்வொன்றிலும் 5 கட்டம், ஆக 30 கட்டம். பேலைன் (சின்னங்கள் வரிசையாக நிற்க வேண்டிய கோடு) என்று ஒன்று இல்லை. ஒரே சின்னம் எங்கெங்கு சிதறிக் கிடந்தாலும் 8 சேர்ந்தால் பணம். 8-9, 10-11, 12-க்கு மேல் என்று மூன்று படி. கிரீடம்தான் உச்சம்: பெட்டின் 10, 25, 50 மடங்கு. அடிமட்டம் நீலக்கல்: 0.25, 0.75, 2 மடங்கு. 7 கிரீடம் விழுந்தால் பூஜ்ஜியம்.

ஜெயித்த சின்னங்கள் மறைந்து மேலிருந்து புதியவை விழும். இதுதான் டம்பிள். புதிய வெற்றி வந்துகொண்டிருக்கும்வரை தொடரும். உருண்டை மட்டும் மறையாது, டம்பிள் முழுக்க நிற்கும். கடைசியில் திரையில் நிற்கும் உருண்டைகளையெல்லாம் கூட்டி, அந்தத் தொடரின் மொத்த வெற்றியோடு ஒரே தடவை பெருக்குவார்கள். ஒன்றோடொன்று பெருக்குவதில்லை, கூட்டல்தான். இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

1 பவுண்ட் பெட் என்று வையுங்கள். முதலில் 8 நீலக்கல்: 25 பென்ஸ். டம்பிளில் 9 கோப்பை: 1.50. அந்த இடத்தை நிரப்ப விழுந்தவற்றில் 10 மடங்கு, 5 மடங்கு என இரண்டு உருண்டை, ஆனால் வேறு வெற்றி இல்லை. கடைசியாக வந்தாலும் இரண்டும் செல்லும். 1.75 × 15 = 26.25 பவுண்ட். அதே இரண்டு உருண்டையும் எந்தச் சின்னமும் 8 சேராத ஸ்பினில் விழுந்திருந்தால் 0 × 15. உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில். உருண்டை 2 முதல் 500 மடங்கு வரை வரும், எதுவானாலும் இதே விதிதான்.

சீயஸ் பக்கத்தில் நின்று கையை ஓங்குவதைப் பார்த்து எதையும் ஊகிக்காதீர்கள். ஸ்பின் பட்டனை அழுத்திய கணத்திலேயே முடிவு சர்வரில் வந்துவிடுகிறது. மின்னல் அதைக் காட்டும் படம்.

பதில் 2 | ரீல்கணக்கு

ஃப்ரீ ஸ்பினைத் தனியாகச் சொல்கிறேன், குழப்பம் அதிகம் அதில்தான்.

சீயஸ் முகம் போட்ட ஸ்கேட்டர் (ஃப்ரீ ஸ்பினைத் திறக்கும் சிறப்புச் சின்னம்) 4 விழுந்தால் 15 ஃப்ரீ ஸ்பின். ஸ்கேட்டருக்கே தனிப் பணமும் உண்டு: 4-க்கு 3 மடங்கு, 5-க்கு 5 மடங்கு, 6-க்கு 100 மடங்கு. சுற்றுக்குள் 3 விழுந்தாலே இன்னும் 5 ஸ்பின் கூடும்.

மொத்த மல்டிப்ளையருக்கு இரண்டு நிபந்தனை, இரண்டும் ஒரே ஸ்பினில் நடக்க வேண்டும்: புதிய உருண்டை விழ வேண்டும், வெற்றியும் வர வேண்டும். அப்போது புதிய உருண்டை மொத்தத்தில் சேரும், சேர்ந்த மொத்தம் அந்த ஸ்பினின் வெற்றியைப் பெருக்கும். மொத்தம் 15-ல் நிற்கிறது என்போம். அடுத்த ஸ்பினில் 2 பவுண்ட் ஜெயித்து உருண்டை வரவில்லையென்றால் 2 பவுண்ட்தான். அதற்கடுத்து 80 பென்ஸ் மட்டும் ஜெயித்து, கூடவே 2 மடங்கு உருண்டை வந்தால் மொத்தம் 17, கையில் 13.60. வெற்றியில்லாத ஸ்பினில் விழும் 50 மடங்கு உருண்டை மொத்தத்திலும் சேராது. ஆக நீங்கள் பார்த்தது விதி, பிழையல்ல.

மொத்த வெற்றி பெட்டின் 5,000 மடங்கைத் தொட்டால் சுற்று அந்த இடத்திலேயே முடியும். மீதி ஃப்ரீ ஸ்பின் போய்விடும்.

பதில் 3 | சதவீதம்

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஆர்டிபி, அதாவது கட்டும் பணத்தில் ஆடுபவர்களுக்குச் சராசரியாகத் திரும்பி வரும் சதவீதம். இந்த விளையாட்டு 96.50, 95.51, 94.50 என்று மூன்று அமைப்பில் வருகிறது, தளம் எதை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். படம், சத்தம், பேடேபிள் (எந்தச் சின்னத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல்) எல்லாம் ஒன்றே. விளையாட்டுக்குள் இருக்கும் தகவல் பக்கத்தைக் கடைசிவரை தள்ளிப் படித்தால் எண் இருக்கும். கூகிளில் தேடி வரும் எண்ணை நம்பாதீர்கள்.

2 சதவீதம்தானே என்று விடக்கூடாது. 20 பென்ஸ் பெட், மணிக்கு 600 ஸ்பின்: 120 பவுண்ட் சுழல்கிறது. 96.50-ல் சராசரி இழப்பு 4.20, 94.50-ல் 6.60. ஒன்றரை மடங்குக்கும் மேல். இதுவும் சராசரிதான். ஏற்ற இறக்கம் மிகக் கடுமையான ஸ்லாட் இது. திரும்பி வரும் பணத்தில் பெரும்பங்கு அபூர்வமான பெரிய சுற்றுகளில் அடைந்து கிடக்கிறது, அதனால் ஒரு மணி நேரத்தில் சராசரியைவிட மிக அதிகமாக இழப்பது சகஜம்.

வாங்கும்போது 1 பவுண்ட் பெட்டுக்கு 100 பவுண்ட் ஒரே சொடுக்கில் போகும். 4 ஸ்கேட்டர் உறுதி, அதன் 3 பவுண்ட் கைக்கு வரும். மிச்சம் 97-க்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 15 ஸ்பினிலும் உருண்டையும் வெற்றியும் சேராமல் 10, 20 பவுண்டில் முடிவது அரிதல்ல. தளத்தின் பங்கு மறைவதில்லை, பணம் வேகமாகச் சுழல்கிறது, அவ்வளவுதான். பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களில் இந்த வாங்கும் பட்டன் இருக்கக்கூடாது. இருந்தால் அது வேறு நாட்டுத் தளம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆன்டே பெட் என்ற விருப்பத் தேர்வும் உண்டு, அதற்கு 25 சதவீதம் கூடுதல். 20 பென்ஸுக்கு 25 பென்ஸ் கழியும், ஸ்கேட்டர் வழியாக ஃப்ரீ ஸ்பின் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகும். ஆனால் வெற்றிகளைக் கணக்கிடுவது 20 பென்ஸுக்குத்தான்.

இன்னொன்று. 8 நீலக்கல்லுக்கு 20 பென்ஸ் பெட்டில் வருவது 5 பென்ஸ், அதாவது 15 பென்ஸ் நஷ்டம். அதற்கும் வெற்றி இசை போட்டுக் கொண்டாடுவதை பிரிட்டனில் 2021 அக்டோபரிலிருந்து தடுத்தார்கள். ஆட்டோப்ளேயும் (தானாகச் சுழலும் வசதி) அப்போதே போனது, ஸ்பினுக்குக் குறைந்தது 2.5 விநாடி. 2025-லிருந்து ஒரு ஸ்பினுக்கு உச்சவரம்பு 5 பவுண்ட், 18 முதல் 24 வயதுக்கு 2 பவுண்ட். என்னைக் கேட்டால் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த இசைத் தடை. காதை நம்பாமல் பேலன்ஸைப் பார்க்க வைக்கிறது.

கேள்வி | தேம்ஸ்கரை

மிக நன்றி, இரண்டாவது கேள்வி இப்போதுதான் தெளிந்தது. ஃப்ரீ ஸ்பின் நடுவில் நெட் அறுந்தால்? தமிழ்நாட்டிலிருக்கும் நண்பர்களும் இதைக் கேட்கிறார்கள்.

பதில் 4 | சதவீதம்

நெட் போனாலும் அந்த ஸ்பினின் முடிவு சர்வரில் இருக்கும். அதே கணக்கில் நுழைந்து அதே விளையாட்டைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். திறப்பதற்கு முன் ஹிஸ்டரியில் ரவுண்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், தளத்தில் புகார் கொடுக்க நேர்ந்தால் அவர்கள் கேட்பது அதைத்தான். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: 2022 சட்டம் பணம் வைத்து ஆடும் அதிர்ஷ்ட விளையாட்டுகளைத் தடை செய்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கருக்குத்தான் விலக்குக் கொடுத்தது, ஸ்லாட்டுக்கு இல்லை. 2025-ல் மத்திய அரசின் சட்டமும் ஆன்லைன் பண விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுத்துவிட்டது. டெலிகிராமில் வரும் லிங்க்கில் அதே சீயஸ் படம் இருக்கலாம். ஆனால் திருட்டுப் பிரதிகள் வேறு சர்வரில் ஓடுபவை. மேலே சொன்ன எந்த எண்ணும், 96.50 உட்பட, அங்கே பொருந்தாது. ஜெயித்த பணத்தைக் கொடுக்காவிட்டால் முறையிட ஆளும் கிடையாது. அந்த லிங்க்குகளைத் தொடவே வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.