துவக்குப் பிடியில் நாக்குக்குப் பின்னால் இடைவெளி விடுவதா, கூடாதா?

உப்புவெளித் தச்சன்:
நேற்றுக் கொட்டியாரத்தான் என்பவர் இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "துவக்குக்குப் புதுப் பிடி செதுக்குகிறவன் இரும்பு நாக்கின் நுனிக்குப் பின்னால் மயிரிழை இடம் விட்டாலும் அவன் வேலை தெரியாதவன். இரும்பும் மரமும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடக்க வேண்டும்."

இதை நம்பி யாராவது ஒரு நல்ல வைரப் பலகையை (மரத்தின் கெட்டியான நடுப்பகுதியில் எடுத்ததை) பிளந்துவிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். துவக்கின் உடலிலிருந்து (குழல் பூட்டிய நடு இரும்பிலிருந்து) பின்னோக்கி, பிடி என்கிற மரக்கட்டையின் கழுத்துக்கு, அதாவது விசைக்குப் பின்னால் கை பிடிக்கிற ஒல்லி இடத்துக்கு, மேலாக நீண்டு கிடக்கிறதே ஓர் இரும்பு, அதுதான் நாக்கு. சுட்டதும் குழலும் உடலும் சேர்ந்து பின்னால் உதைக்கின்றன. அந்த உதையை வாங்க வேண்டியது அகலமான ஒரு முகம். ஒற்றைக்குழல் துவக்கில் அது உடலின் பின்முகம். போல்ட்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிளில் உடலின் அடிப்புறத்தில் இருக்கும் இரும்பு முட்டு. ஒல்லியான நாக்கு நுனி மரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் ஒவ்வொரு வெடிக்கும் அது ஆப்பாக இறங்கும். கழுத்து நீளவாக்கில் வெடித்துப் பிளக்கும்.

விட வேண்டியது அரை மில்லிமீற்றர். தடித்த கடுதாசி ஒன்று நுழைந்தால் போதும்.

கொட்டியாரத்தான்:
என் பெயரைச் சொல்லித் தொடங்கியிருக்கிறீர்கள், ஆகவே பதில் சொல்கிறேன். என் வாப்பா மூதூரில் கதவு நிலையும் யன்னலும் செய்து பெயர் எடுத்தவர். பொருத்தில் கடுதாசி நுழைந்தால் அந்தப் பொருத்தை உடைத்து விறகோடு போடுவார். நீங்களோ கடுதாசி நுழைய வேண்டும் என்று பாடம் எடுக்கிறீர்கள். பொருத்துப் பிசகிய ஒவ்வொருவனும் பிறகு சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "வேண்டுமென்றேதான் விட்டேன்."

உப்புவெளித் தச்சன்:
கதவு நிலை பின்னால் உதைப்பதில்லை, தம்பி. உங்கள் வாப்பாவின் கையை நான் மதிக்கிறேன். அவர் செய்த நிலைகளை மூதூரில் பார்த்திருக்கிறேன். ஆனால் நிலைக்குள் யாரும் தோட்டா போட்டு வெடி தீர்ப்பதில்லை.

தம்பலகாமத்தான்:
ஐயா, நான் வயல்காரன். பெரும்போகத்தில் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கினால் ஓர் இரவில் வரம்போடு சேர்த்து உழுதுவிட்டுப் போய்விடும். அதற்காக அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துவக்கு. அப்பா காலத்துப் பிடி, கழுத்தில் வெடித்துச் செப்புக்கம்பி சுற்றி வைத்திருக்கிறோம். வெடிப்பு சரியாக நாக்கு நுனியிலிருந்துதான் தொடங்குகிறது. புதுப்பிடி செய்ய வேண்டும். பழைய வண்டிலிலிருந்து கழற்றிய சவண்டலைத் துண்டு ஒன்று, சிங்களவர் ஹல்மில்ல என்பார்களே அந்த மரம், காய்ந்து கிடக்கிறது. அது சரிவருமா?

உப்புவெளித் தச்சன்:
பார்த்தீர்களா? நாக்கு நுனியிலிருந்துதான் தொடங்குகிறது. நான் எழுதியதற்கு ஒரு வயல்காரர் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

கொட்டியாரத்தான்:
அது பழைய மரம். உக்கியிருக்கும். இடைவெளி விட்டிருந்தாலும் வெடித்திருக்கும். இடைவெளி விட்டதாலேயேகூட வெடித்திருக்கலாம். இரும்பு ஆடுவதற்கு இடம் கிடைத்தால் அது ஓடி வந்து முட்டும்.

உப்புவெளித் தச்சன்:
இரும்பு ஏன் ஓட வேண்டும்? உடலின் பின்முகம் முழுவதும் மரத்தில் அமர்ந்திருந்தால் அது ஓடாது. அங்கே ஒரு மயிரிழையும் விடக்கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். இடைவெளி நாக்கு நுனிக்கு மட்டும். உதை வாங்கும் முகம் இறுக்கம், நுனி விடுதலை. இதை எத்தனை தரம் எழுத வேண்டும்?

எப்படி அமர்த்துவது என்றும் சொல்கிறேன். விளக்குப் புகைக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லிசாகப் பூசுகிறேன். மரத்தில் இறக்கி, மரச்சுத்தியலால் ஒரு தட்டு. தூக்கிப் பார்த்தால் முட்டுகிற இடம் மட்டும் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்டுகிறேன், வேறு எதையும் தொடுவதில்லை. மறுபடி பூசி, இறக்கி, தட்டி, சுரண்டி. முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் விழும். போகப்போகப் பின்முகம் எங்கும் ஒரே சீராகக் கறுக்கும். அதற்குப் பிறகுதான் நாக்கு நுனிக்கு வருகிறேன். அங்கே மாத்திரம் கறுப்பே விழாத மட்டும் சுரண்ட வேண்டும். சீமெந்துத் தரையில் முழங்கால் மடித்து இந்த வேலையைச் செய்தவனுக்குத்தான் இது தெரியும்.

பாலையூற்றான் (கனடா):
நான் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு உரிமம் எடுத்து போல்ட் ரைபிள் வைத்திருக்கிறேன். இங்கே புகைக்கரி, உளி எல்லாம் போய் நெடுங்காலம். பள்ளத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டி எப்பொக்சி என்கிற, உறைந்து கல்லாகும் பசையை ஊற்றி ரைபிளை அதற்குள் இறக்கி உறையவிட்டால் இரும்பின் அச்சு அப்படியே விழும். நூற்றுக்கு நூறு ஒட்டும். கொட்டியாரத்தான் சொல்வதுதான் சரி. மரமென்றால் வால்நட். கன மீற்றருக்கு 600 கிலோவுக்குச் சற்று மேல். தோளில் பாரம் தெரியாது, உதையையும் தாங்கும். ஹல்மில்ல அதைவிடக் கனம். காட்டில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க முடியாது.

உப்புவெளித் தச்சன்:
எப்பொக்சி ஊற்றுவதற்கு முன் முட்டில் ரேப் (ஒட்டுநாடா) ஒட்டினீர்களா?

பாலையூற்றான் (கனடா):
ஒட்டாமல் எப்படி? முட்டின் முன்புறம், இரு பக்கம், அடிப்புறம் எல்லாம் ஒட்டினேன். பின்முகத்தில் மட்டும் ஒட்டவில்லை. நாக்கு நுனியிலும் ஒரு சுற்று.

உப்புவெளித் தச்சன்:
அந்த ரேப்பை உரித்த பிறகு அங்கே என்ன இருக்கிறது? இடைவெளி. நாக்கு நுனியிலும் இடைவெளி. நான் உளியால் செய்வதை நீங்கள் ரேப்பால் செய்துவிட்டு எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறீர்கள்.

பாலையூற்றான் (கனடா):
அது பசை இரும்பில் பிடிக்காமல் இருப்பதற்கு ஒட்டுவது. இடைவெளிக்காக அல்ல. இரண்டும் வேறு.

உப்புவெளித் தச்சன்:
பசை பிடிக்காமல் இருக்க மெழுகோ கிறீசோ பூசுவார்கள். ரேப் ஒட்டுவது இடம் விடுவதற்கு. இல்லாவிட்டால் பின்முகத்திலும் ஒட்டியிருப்பீர்களே. ஏன் அங்கே ஒட்டவில்லை என்று யோசித்தீர்களா?

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பொலிஸ் சேவையில் 303 துவக்கைக் கழற்றிப் பூட்டியே வயது போனவன் நான். அந்தத் துவக்கின் பின்கட்டை இரும்புக்குள் இறங்கி இறுகி நிற்கும். எங்கேயும் கடுதாசி நுழையாது. கட்டை ஆடினால் பரிசோதனையில் ஏச்சு வாங்குவோம். உலகம் முழுக்க இரண்டு யுத்தத்தில் சுட்ட துவக்கு அது. இடைவெளி வேண்டுமென்றால் அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திராதா?

உப்புவெளித் தச்சன்:
சார்ஜன்ட் ஐயா, நீங்கள் சொல்லும் 303, அதாவது லீ என்பீல்டில், பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பின்கட்டை ஓர் இரும்புக் குழிக்குள் இறங்கி, உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டால் இறுகுகிறது. நாம் பேசுகிற நாக்கு அதில் கிடையாது. நாக்கே இல்லாத துவக்கைக் காட்டி நாக்குக்குப் பின்னால் இடைவெளி இல்லை என்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்:
நாக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இரும்பு இரும்புதான். மரம் மரம்தான். ஆளின் கை நீளத்துக்கு ஏற்றபடி நீளக் கட்டை, குட்டைக் கட்டை என்று அளவு வைத்துச் செய்த துவக்கு அது. அவர்களுக்குத் தெரியாதது உப்புவெளியில் தெரிந்துவிட்டது.

நிலாவெளி மைந்தன்:
மரத்தைப் பற்றிக் கனடாக்காரர் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. சவண்டலைக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வைத்த பெயரே திருகோணமலை மரம். மதராஸ் கடற்கரையில் அலையை உடைத்துக்கொண்டு போன மசூலாப் படகுகளுக்கு நம் மரத்தைத்தான் வாங்கினார்கள். வளையும், முறியாது. 1817இல் நம் மரத்தில் கட்டிய திருகோணமலை என்ற போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தில் மிதக்கிறது. இருநூறு வருடம் கடலைத் தாங்கிய மரம் ஒரு துவக்கின் உதையைத் தாங்காதா?

சாம்பல்தீவு ரீச்சர்:
படகு சரி. கப்பல் தவறு. அந்தக் கப்பலுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்தார்களே தவிர, கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்தின் கப்பற்தளத்தில். மரம் தேக்கு. இப்போது ஹார்ட்ல்பூல் துறைமுகத்தில் நிற்கிறது.

நிலாவெளி மைந்தன்:
பெயர் எங்களுடையதுதானே, ரீச்சர். பம்பாய் என்று ஏன் பெயர் வைக்கவில்லை?

சாம்பல்தீவு ரீச்சர்:
பெயர் வைத்ததால் மரம் மாறிவிடாது.

நிலாவெளி மைந்தன்:
ஊரைப் பற்றி ஒருவன் பெருமையாக இரண்டு வரி எழுதினால் உடனே சிவப்புப் பேனாவோடு வந்துவிடுகிறீர்கள். போன வருடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி எழுதியபோதும் இப்படித்தான்.

உப்புவெளித் தச்சன்:
கப்பலை விடுங்கள். தம்பலகாமத்து அண்ணன் கேட்டதற்குப் பதில் இது. சவண்டலை கனம்தான், ஆனால் நீங்கள் காடு மேடு ஏறி மான் தேடவில்லை. காவற்குடிலில் இருக்கிறீர்கள். கனமான பிடி உதையைக் குறைத்துத் தோளுக்குத் தரும். மரத்தின் பெயரைவிட முக்கியம் இழையோட்டம். பலகையில் பிடியின் வடிவத்தை வரையும்போது, கழுத்து வருகிற இடத்தில் இழை கழுத்தோடு நீளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே இழை குறுக்கே வெட்டிப்போனால் வால்நட்டும் முறியும். வெளிறு (பட்டையை ஒட்டிய மெதுவான மரம்) கலந்த பக்கத்தை ஒதுக்குங்கள். வைரம் மட்டும் எடுங்கள். கச்சான் காற்றில் காய்ந்த மரம் என்றால் நல்லது. மாரியில் செதுக்க வேண்டாம்.

கொட்டியாரத்தான்:
இப்போது அகப்பட்டீர்கள். மாரியில் மரம் ஊதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஊதினால் உங்கள் அரை மில்லிமீற்றர் எங்கே போகும்? மூடிக்கொள்ளும். பிறகு என்ன இடைவெளி?

உப்புவெளித் தச்சன்:
மரம் ஊதுவது இழைக்குக் குறுக்கே. இழையின் நீளத்தில் அது அசைவதே இல்லை என்று சொல்லலாம். நாக்கு இழையின் நீளத்தில் கிடக்கிறது. ஆகவே இடைவெளி மூடாது. பலகை வாங்குகிற எவருக்கும் மரக்காலையில் இதைச் சொல்லித் தருவார்கள்.

இடைவெளி மூடுவதற்கு வேறு காரணம் உண்டு. துவக்கைத் துடைக்கிறோம் என்று எண்ணெயை ஊற்றி, அதைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி வைக்கிறார்கள். எண்ணெய் வழிந்து, உடலின் பின்முகம் அமர்கிற மரத்தின் வெட்டுவாய்க்குள் (இழை குறுக்கே அறுபட்ட முகத்துக்குள்) இறங்குகிறது. வருடக்கணக்கில் அந்த மரம் ஊறிக் கறுத்து, நகத்தால் கிள்ளினால் பெயர்கிற அளவுக்கு மெதுமையாகிவிடும். அப்போது உடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் அமர்கிறது. நாக்கு நுனி மரத்தைத் தொடுகிறது. அடுத்த வெடிக்கு வெடிப்பு. தம்பலகாமத்து அண்ணன், உங்கள் பழைய பிடியைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்கள். கறுத்திருக்கும். புதுப்பிடியில் உள்வெட்டுகளுக்கெல்லாம் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. பின்கட்டையின் அடியையும் மறக்க வேண்டாம், ஈரம் முதலில் ஏறுவது அந்த வெட்டுவாயில்தான்.

கொட்டியாரத்தான்:
ஆக, உடல் பின்னால் அமர்கிறது, இடைவெளி மூடுகிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

உப்புவெளித் தச்சன்:
நீங்கள் சொன்னது மயிரிழையும் விடக்கூடாது என்பது. மேலே உங்கள் வசனம் அப்படியே இருக்கிறது.

கொட்டியாரத்தான்:
இப்போதும் அதையே சொல்கிறேன். விடக்கூடாது. வள்ளத்துக்குப் பலகை சேர்ப்பது பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவர் வாயை அடைத்தீர்கள். கிண்ணியாவில் வள்ளம் கட்டுகிறவர்கள் அன்றைக்கே இந்தப் பக்கத்தை விட்டுப் போனார்கள்.

பாலையூற்றான் (கனடா):
இன்னொன்று கேட்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாதவர் துவக்கை வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். தச்சர் ஐயா ஊரார் துவக்கைப் பட்டறையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அது எப்படி?

உப்புவெளித் தச்சன்:
இதற்குத்தான் காத்திருந்தீர்களா? விவாதத்தில் நிற்க முடியாவிட்டால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவது. என் பட்டறையில் எவருடைய துவக்கும் ஓர் இரவும் தங்கியதில்லை. உரிமையாளர் கொண்டுவருவார், பக்கத்தில் இருப்பார், கழற்றுவது பூட்டுவது எல்லாம் அவர் கை, மாலையில் அவரே கொண்டுபோவார். என் கையில் இருப்பது மரம். பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்:
அந்தக் கேள்வி நியாயமானது. சேவையில் இருந்தபோது நானும் கேட்டிருப்பேன்.

உப்புவெளித் தச்சன்:
நீங்கள் முதலில் 303இல் நாக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், ஐயா.

தம்பலகாமத்தான்:
பழைய பிடியைக் கழற்றிப் பார்த்தேன். பின்முகம் கறுத்துத்தான் இருக்கிறது. நாக்கு நுனியும் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிடியின் அளவையும் சொல்லிவிடுங்கள். விசையிலிருந்து பின்கட்டை அடிமட்டும் பழையது பதினான்கு அங்குலத்துக்குக் கிட்ட இருக்கிறது. எனக்கு அது நீளம்.

பாலையூற்றான் (கனடா):
கடையில் வரும் ரைபிள்கள் பெரும்பாலும் 13½ அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

உப்புவெளித் தச்சன்:
நீளமாகவே வெட்டுங்கள், பிறகு குறைக்கலாம். குறைத்ததைக் கூட்ட முடியாது. வயலுக்கு உடுத்துகிற சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்து, கண் தானாகக் குழலின் மேல் வந்து நிற்கும் வரை சீவுங்கள். கன்னம் படுகிற மேட்டைக் கடைசியாகத் தொடுங்கள். கறுத்திருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்லிவிட்டார். இனியும் கொட்டியாரத்தானுக்கு என்ன வேண்டும்?

கொட்டியாரத்தான்:
ஒரு படம்கூடப் போடவில்லை. கறுப்பு எதனாலும் வரும். தம்பலகாமத்து அண்ணன், அந்தத் துண்டை மூதூருக்குக் கொண்டுவாருங்கள். வாப்பாவின் உளிகள் என்னிடம் இருக்கின்றன. இடைவெளியே தெரியாமல் பொருத்தித் தருகிறேன்.

உப்புவெளித் தச்சன்:
கொண்டுபோக வேண்டாம், அண்ணன். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு துண்டு.

நிலாவெளி மைந்தன்:
ரீச்சர், அந்தக் கப்பலில் ஒரு பலகைகூட நம் ஊர் மரம் இல்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?