கனடாவின் சஸ்காட்செவன் மாகாணச் சிற்றூரின் 1912ஆம் ஆண்டுக் கடைக் கட்டடம்: செங்கல் முகம் உதிர்கிறது

கேள்வி:
இரண்டு அடுக்குச் செங்கல் கட்டடம். செங்கற்களுக்கு இடையிலான பழைய சுண்ணாம்பு இணைப்புகளின் மேல் யாரோ சிமெண்டால் பாயிண்டிங் செய்திருக்கிறார்கள், அதாவது இணைப்புக் கோடுகளைச் சிமெண்டால் பூசி அடைத்திருக்கிறார்கள். சிமெண்ட் கோடு அப்படியே நிற்கிறது, செங்கல்தான் செதில் செதிலாகக் கொட்டுகிறது. மறுபடி சிமெண்டே பூசலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். சிமெண்ட் செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து சுமார் 9% விரியும், முகம் தெறிக்கும். இணைப்பின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். செங்குத்து இணைப்பில் கிரைண்டர் வைக்காதீர்கள், மேல் கீழ்ச் செங்கல்லையும் அறுத்துவிடும், மெல்லிய உளிதான். தூசியைக் கழுவி, ஈரமாக்கி, 1 பங்கு இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்புக்கு (நீர் சேர்ந்தால் இறுகும் சுண்ணாம்பு) 2.5 பங்கு மணல் கலந்து அடுக்கடுக்காக அழுத்துங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள், வேகமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும்.

பதில் 2:
அதற்கு முன் கூரைக் கைப்பிடிச்சுவரின் உச்சியை மூடும் தகட்டைப் பாருங்கள். தண்ணீர் பெரும்பாலும் அங்கிருந்துதான் இறங்கும். சிலிக்கோன் பூச்சு எதையும் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் 5 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள்.

பதில் 3:
நகராட்சி மரபுச் சொத்தாக அறிவித்திருந்தால், உளியைத் தொடுமுன் நகராட்சி மன்ற ஒப்புதல் வாங்குங்கள்.