குடற்புழு மருந்து கேட்காத மந்தைகள்: நாம் புதிதாக எதைக் கற்க வேண்டும்?

தொண்டிக்கரை டாக்டர் (கேள்வி)

தொண்டிக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் இடையில் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருக்கிறேன். கார்த்திகை மழை விட்டதிலிருந்து வாசலுக்கு வரும் செம்மறிகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. கண் இமையைப் புரட்டினால் ரத்தமே இல்லை. மேய்ந்துவிட்டு சாயங்காலம் கிடைக்குத் திரும்பும்போது தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது, விடிந்தால் கொஞ்சம் வடிகிறது. கழிச்சல் கிடையாது. ரத்தம் உறிஞ்சும் ஹீமான்கஸ் புழுதான் என்று பார்த்தவுடன் தோன்றும்.

அல்பெண்டசோல் கொடுக்கிறோம். இரண்டு வாரம் கழித்து, மந்தையை மேய்க்கும் கீதாரி அதே ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மருந்து கேட்கலை டாக்டர்" என்கிறார். சிலர் மெடிக்கலில் வேறு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டு வருகிறார்கள். வாங்கிப் பார்த்தால் ஃபென்பெண்டசோல். அதுவும் அல்பெண்டசோலின் குடும்பம்தான், புழுவுக்கு ஒன்று பழகினால் மற்றதும் பழகிவிடும்.

தொடர்கல்விப் பயிற்சி என்று வரும் அறிவிப்புகளை விடாமல் படிக்கிறேன். நாய்க்கு எலும்பு அறுவை, ஸ்கேன், லேப்ராஸ்கோபி. எல்லாம் தேவைதான். ஆனால் என் வாசலில் நிற்பது ஆடு. சென்னைக்கோ நாமக்கல்லுக்கோ போய்த் தங்கினால் இங்கே மருந்தகம் பூட்டித்தான் கிடக்கும். தை அறுவடை முடிந்ததும் மந்தைகள் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிடும். அதற்குள் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். மருந்துக்குக் குடற்புழு காட்டும் எதிர்ப்புத்திறன் பற்றி நாம் கல்லூரியில் படித்த பிறகு என்னவெல்லாம் மாறியிருக்கிறது? இங்கிருந்தபடியே எதைக் கற்றுச் செய்ய முடியும்?

நெல்லை ஒட்டுண்ணியியல்

டாக்டர், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் முட்டை எண்ணிக்கை குறைவுச் சோதனை செய்யுங்கள், அதாவது மருந்துக்குப் பிறகு சாணத்தில் புழு முட்டை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். இப்போது உங்களுக்கு மிக அவசியமானது இதுதான்.

நாம் படித்தது 1992 வழிகாட்டுதல். மருந்து கொடுத்த ஆடுகள் ஒரு பக்கம், கொடுக்காத ஆடுகள் மறுபக்கம் என்று ஒப்பிடுவோம். கால்நடை ஒட்டுண்ணியியலுக்கான உலகச் சங்கம் 2023இல் அதைத் திருத்தியது. இப்போது அதே ஆடுகளின் சாணத்தையே மருந்துக்கு முன்னும் பின்னும் பார்த்தால் போதும். ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்ற சராசரியை விட, நுண்ணோக்கியில் நீங்கள் நேரில் எண்ணிய முட்டைகளின் மொத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்பதுதான் இப்போது முக்கியம். தனியாக மருந்து கொடுக்காத குழு வைத்துக்கொள்ள எந்தக் கீதாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால், நம் களத்துக்கு இந்த மாற்றம் பெரிய வரம்.

ஒரு மந்தையில் பத்துப் பதினைந்து ஆட்டுக்கு ஆசனவாயிலிருந்தே சாணம் எடுங்கள். அல்பெண்டசோல் கொடுத்த பதினான்காம் நாள் அதே ஆடுகளில் மறுபடி எடுங்கள், காதில் அடையாளம் மறக்க வேண்டாம். மூன்று கிராம் சாணம், 42 மில்லி செறிந்த உப்புக் கரைசல், முட்டை எண்ணுவதற்கென்றே உள்ள மெக்மாஸ்டர் கண்ணாடியில் இரண்டு அறை, எண்ணியதை ஐம்பதால் பெருக்குங்கள். முட்டை 95 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் எதிர்ப்புத்திறன் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு, பரமக்குடி

மேடம் சொன்னது சரி. ஆனால் மருந்து உண்மையிலேயே உள்ளே போனதா என்பதை முதலில் பாருங்கள் தம்பி. கண்ணால் எடை மதிப்பிட்டு ஊற்றினால் பெரிய கிடாவுக்குப் பாதி மருந்துதான் போகும். மந்தையில் கனமானதைத் தராசில் நிறுத்து, அந்த அளவையே வையுங்கள். நாக்கின் பின்பகுதிக்கு மேல், தொண்டைப் பக்கமாக ஊற்ற வேண்டும்.

கூட வெள்ளாடு இருந்தால் இன்னும் கவனம். வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அல்பெண்டசோல் வகைக்குச் செம்மறி அளவைப் போல இரண்டு மடங்கு வேண்டும். வேறு குடும்பத்து மருந்தான லெவாமிசோல் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் போகவே கூடாது, எச்சில் வழிந்து நடுங்க ஆரம்பித்துவிடும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், குட்டியைப் பாதிக்கும்.

தொண்டிக்கரை டாக்டர்

நன்றி மேடம், நன்றி சார். உப்புக்கு இங்கே பஞ்சமில்லை, வாலிநோக்கம் உப்பே கிடைக்கும். நுண்ணோக்கி மருந்தகத்தில் இருக்கிறது, மெக்மாஸ்டர் கண்ணாடிதான் வாங்க வேண்டும். கிடை இருக்கும் இடம் தூரம், வெயில் கடுமை. மீன் ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் முட்டை கெட்டுவிடுமா?

நெல்லை ஒட்டுண்ணியியல்

ஐஸ்பெட்டி நல்லதுதான், குளிர் இல்லாவிட்டால் முட்டை பொரிந்து எண்ணிக்கை தவறிவிடும். ஐஸ் நேராகப் படாமல் நடுவில் தாளோ துணியோ வையுங்கள், உறையக் கூடாது. டப்பாவில் காற்று நிற்காதபடி சாணத்தை நிறைத்து மூடுங்கள். பயிற்சி என்றால் ராமையன்பட்டியில் உள்ள திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறையைக் கேளுங்கள். சொந்த மாதிரிகளோடு போய் உட்கார்ந்தால் ஒரு நாளில் கை பழகிவிடும். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிடமும் சொல்லிவையுங்கள்.

மன்னார்குடி கால்நடை

உங்கள் மந்தைகள் மாசியில் வந்து இறங்குவது எங்கள் வயலில்தான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிளம்பும் முன் மொத்த மந்தைக்கும் மருந்து ஊற்றிவிட்டு அனுப்புவது நல்லது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அங்கேதான் சிக்கல். மருந்துக்குச் சாகாத புழு மட்டும் ஆட்டின் வயிற்றில் மிஞ்சி, புது மேய்ச்சல் நிலம் முழுக்க முட்டையாக விழுகிறது. மருந்துக்கு அடங்கும் புழுவும் கொஞ்சம் உயிரோடு இருந்தால்தான் அவற்றோடு கலந்து எதிர்ப்பு நீர்க்கும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையை வைத்து இமை நிறத்தைப் பாருங்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஐந்து. நான்கும் ஐந்தும் வந்தால் கண்டிப்பாக மருந்து, மூன்றுக்கு உடல் நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். இமை சிவந்து நன்றாக இருப்பவற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. டெல்டாவுக்கு வந்து திரும்பிய மந்தையில் தாடை வீங்கினால் எல்லாமே ஹீமான்கஸ் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் வாய்க்கால் நத்தைகளால் ஈரல் தட்டைப்புழுவும் வரும். அதன் முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காது. தண்ணீரில் படியவிட்டு அடியில் தேட வேண்டும். மருந்தும் வேறு.

தொண்டிக்கரை டாக்டர்

என் மந்தைகளில் பல சென்ற மாசியில் உங்கள் பக்கம் போய்வந்தவைதான். ஆகவே ஒவ்வொரு சாணத்துக்கும் இரண்டு சோதனையும் செய்துவிடுகிறேன். மொத்த மந்தைக்கும் ஊற்ற வேண்டாம் என்று கீதாரிகளிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினமாக இருக்கும். இமையைப் புரட்டி அவர்கள் கண்ணெதிரே காட்டலாம் என்று இருக்கிறேன், ரத்தம் இருக்கிற ஆடு எது என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பதினான்காம் நாள் எண்ணிக்கை வந்ததும் இங்கேயே போடுகிறேன். மன்னார்குடி சார், எந்த மந்தைக்கு எந்த மருந்து கொடுத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கீதாரியிடமே கொடுத்து அனுப்பட்டுமா? உங்களுக்குப் பயன்படும் என்றால் இந்தத் தையிலேயே ஆரம்பித்துவிடலாம்.

மன்னார்குடி கால்நடை

கட்டாயம் அனுப்புங்கள். மருந்தின் பெயர், தேதி, ஆட்டின் எடை மூன்றும் இருக்கட்டும். பிராண்டு பெயர் வேண்டாம், உள்ளே உள்ள மருந்தை எழுதுங்கள்.