ஆண்டு விழா: தமிழுக்குத் தனி மேடையா, எல்லாருக்கும் ஒரே நாடகமா?

ரோஸ்ஹில்_அப்பா:
இங்கே மொரீஷியஸில் மகன் படிக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் நவம்பர் விழாப் பட்டியல் வந்துவிட்டது. இந்திப் பாட்டு, உருதுக் கவிதை, தமிழ்க் கும்மி, தெலுங்கு நடனம், கடைசியில் இந்தத் தீவின் பாட்டும் ஆட்டமுமான சேகா. அந்தந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எழுந்து படம் எடுப்பார்கள், முடிந்ததும் வெளியே சமோசா தின்னப் போவார்கள். போன வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

இந்த முறை எல்லாரும் சேர்ந்து ஒரே நாடகம் போடலாமே என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன், சிரித்தார்கள். மொழிப் பாட மணி அடித்ததும் வகுப்பு மொழிவாரியாகக் கலைந்துவிடுகிறது. பொய் சொன்னால் யாருக்கு வலிக்கும் என்ற பாடத்தை என் மகன் தமிழ் அறையில் கேட்கிறான். மூன்று வருடமாக அவன் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பையன் அதையே வேறு அறையில் கேட்கிறான். இருவரும் சேர்ந்து நிற்பது மைதானத்தில் சண்டை வந்தால்தான்.

தமிழ்மிஸ்:
ஐயா, நல்ல எண்ணம்தான். ஆனால் விலை கொடுக்கப்போவது யார்? தமிழ் இங்கே விருப்பப் பாடம். 2012இல் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் விருப்பப் பாடமாகத் தொடக்கப் பள்ளிக்கு வந்தது. அதில் எனக்குக் குறையில்லை, பிள்ளைகள் வீட்டில் பேசுவதே அதுதான். இப்போது என் 4ஆம் வகுப்பில் ஒன்பது பேர். "வாங்க", "உட்காருங்க" என்று பெரியவர்களிடம் சொல்ல அவர்கள் பழகியதே கும்மி ஒத்திகையில்தான். அந்த ஐந்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டால் கூட்டு நாடகத்தில் தமிழுக்கு என்ன மிஞ்சும்? ஒரு வணக்கம், ஒரு பட்டுப்பாவாடை.

1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியதால் நோட்டையே திரும்பப் பெற வேண்டி வந்தது. நம் ஆட்கள் சும்மா கத்தவில்லை.

ரோஸ்ஹில்_அப்பா:
நோட்டு அச்சில் வருவது மிஸ், அதில் வரிசை பார்க்கலாம். பிள்ளைகளை எப்படி வரிசையில் வைப்பது?

ஆறாம்வகுப்பு_அம்மா:
எனக்கு இரண்டும் வேண்டாம். தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் சிபிஇ தேர்வு போய் பிஎஸ்ஏசி தேர்வு வந்தால் பாரம் குறையும் என்றார்கள். அது 2017இல் வந்து இத்தனை வருடமாச்சு, டியூஷன் நின்றதா? ஒத்திகைக்கு நிற்கும் நேரத்தில் இரண்டு கணக்கு போடலாம்.

தமிழ்மிஸ்:
அம்மா, உங்கள் மகள் இரண்டு கணக்கு குறைத்துப் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இதில் மட்டும் நானும் ரோஸ்ஹில்காரர் கட்சி.

மஹேபூர்_தாத்தா:
பேத்தியின் பள்ளியில் கண்டதைச் சொல்கிறேன். யாரோ ஒரு ராவான், சேகாவுக்கு அடிக்கும் தோல் மேளம், கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தளர்ந்து, அடித்தால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் பொத்பொத்தென்றது. ஒரு கிரியோல் சமூகத்துப் பையன், பத்து வயதுகூட இருக்காது, காய்ந்த இலையைக் கூட்டித் தீ மூட்டச் சொன்னான். தோலைத் தீக்கு நேரே பிடித்துச் சுற்றிக்கொண்டே விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தான். மெல்ல மெல்லக் குரல் ஏறியது. "பறையைக் காய்ச்சுவதும் இப்படித்தான்டா" என்றேன். நம்பவில்லை, உங்களிடமும் இருக்கிறதா என்று கேட்டான்.

அவன் சேகாவின் ஆறெண்ணத் தாளத்தைப் பிடித்தான், பேத்தி கும்மி தட்டினாள். இரண்டு சுற்று தடுமாறி மூன்றாவதில் கை சேர்ந்தது. விழாவில் அது இடம்பெறவில்லை. பட்டியல் முன்பே அச்சாகிவிட்டதாம். 2014இல் சேகாவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததற்கு நாமும்தான் கைதட்டினோம்!

தமிழ்மிஸ்:
தாத்தா, அது தானாகச் சேர்ந்தது, யாரும் "ஒற்றுமை" என்று அட்டை பிடிக்கவில்லை. அப்படியென்றால் எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு நிபந்தனை. கதை நகரத் தமிழ் வசனம் தேவைப்பட வேண்டும், அலங்காரமாக ஒட்டக்கூடாது. அந்த வசனத்தைத் தமிழ் படிக்காத ஒரு பிள்ளையும் சொல்ல வேண்டும்.

ரோஸ்ஹில்_அப்பா:
சரி, இப்படி வைப்போமா? ஒரு சிறுமியின் சாப்பாட்டுப் பெட்டி காணாமல் போகிறது. எடுத்தது யார் என்று பார்த்தது ஒரு பாட்டி மட்டும்தான், அவருக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது. மற்ற பிள்ளைகள் அவர் பேச்சைப் புரிந்துகொண்டால்தான் கதை நகரும். பாட்டி வேடத்துக்கு உருது வகுப்புப் பிள்ளை ஒருத்தி.

தமிழ்மிஸ்:
உருதுப் பிள்ளைக்கு "ழ" நான் சொல்லித் தருகிறேன். ஆனால் கும்மியும் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள்.

ஆறாம்வகுப்பு_அம்மா:
ஒத்திகை சனிக்கிழமை இல்லையென்றால் மகளை அனுப்புகிறேன். அன்று டியூஷன்.

ரோஸ்ஹில்_அப்பா:
தாத்தா, ராவானுக்குத் தீ மூட்ட தலைமையாசிரியர் விடுவாரா?

மஹேபூர்_தாத்தா:
கேட்டால் விடமாட்டார். காலையிலேயே வெயிலில் சாத்தி வையுங்கள், நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள்.