ஆன்லைன்ல டைவர்ஸ் பேப்பர் ரெடி பண்ணி அனுப்பினோம், கோர்ட் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிடுச்சு (கலிஃபோர்னியா) – உதவி தேவை

எட்டாவது_மாடி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் பேசி முடிவெடுத்துதான் பிரியறோம், சண்டை சச்சரவு இல்ல, குழந்தை இல்ல, சொந்த வீடு இல்ல, கல்யாணம் ஆகி ஏழு வருஷம். வக்கீல்கிட்ட போனா ஆயிரக்கணக்குல ஆகும்னு ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல சேர்ந்தேன், அவங்க கேக்கற கேள்விக்கு பதில் டைப் பண்ணா ஃபார்ம் எல்லாம் பிடிஎஃப்பா வந்துடும். விலை கம்மிதான், ஆனா கோர்ட் ஃபைலிங் ஃபீஸ் 435 டாலர் அதுல சேராதுன்னு பணம் கட்டின அப்புறம்தான் தெரிஞ்சுது, அது தனிக்கதை.

ஜனவரில பெட்டிஷன் போட்டேன். மனைவி வேற அபார்ட்மெண்ட்ல இருக்காங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நானே போய் அந்த பேப்பர் கவரை அவங்க கையில குடுத்துட்டு காபியும் குடிச்சுட்டு வந்தேன். இப்ப ஜூலை, ஆறு மாசம் முடியப் போகுதேன்னு ஜட்ஜ்மெண்ட் பேப்பரை எல்லாம் அனுப்பினா அப்படியே திரும்பி வந்துடுச்சு. மேல ஒரு ஷீட், அதுல ரெண்டு இடத்துல டிக் அடிச்சிருக்கு. ஒண்ணு, ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ், அதாவது பேப்பரை மனைவி கையில சேர்த்ததுக்கான சான்று, சரியில்லயாம். ரெண்டு, மனைவியோட கையெழுத்து நோட்டரைஸ் ஆகலயாம். சர்வீஸ்காரங்க சாட்ல கேட்டா "நாங்கள் சட்ட ஆலோசனை வழங்குவதில்லை"ன்னு ஒரே வரியை மூணு தடவை ஒட்டறாங்க. இப்ப என்னங்க பண்றது?

பழையசோறு:
ப்ரோ, எஃப்எல்-115ல, அதான் அந்த ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ் ஃபார்ம்ல, பேப்பரைக் குடுத்தவர்னு யார் கையெழுத்து இருக்கு?

எட்டாவது_மாடி:
என்னோடதுதான். குடுத்தது நான்தானே.

பழையசோறு:
அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. கேஸ்ல இருக்கறவரே பேப்பரைக் குடுத்தா அது செல்லாது. 18 வயசு ஆன வேற யார் வேணா குடுக்கலாம், ரூம்மேட், ஆபீஸ் ஃப்ரெண்ட், யாரா இருந்தாலும் சரி, குடுத்தவர்தான் அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடணும்.

இன்னொண்ணு, சொல்லவே கஷ்டமா இருக்கு. ஆறு மாசக் கணக்கு பெட்டிஷன் போட்ட தேதில இருந்து ஓடாது. பேப்பர் முறையா அவங்க கைக்குப் போன (சர்வ் ஆன) தேதி இல்லனா அவங்க கோர்ட்டுக்கு பதில் பேப்பர் போட்ட தேதி, ரெண்டுல எது முந்தியோ அதுல இருந்துதான். உங்க கேஸ்ல ரெண்டுமே நடக்கல, அதனால கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

எட்டாவது_மாடி:
அய்யோ. அந்த சைட்ல "இன்னும் 12 நாட்கள்"னு பச்சை கலர்ல கவுண்ட்டவுன் ஓடிட்டு இருந்துச்சேங்க.

பழையசோறு:
நீங்க டைப் பண்ண தேதிய வச்சு அது கூட்டிச் சொல்லுது, அவ்ளோதான். யார் குடுத்தாங்கங்கற கட்டத்துல உங்க பேரையே போட்டாலும் அழகா பிரிண்ட் பண்ணிக் குடுக்கும்.

மழைக்காலம்:
நான் மூணு வருஷம் முன்னாடி இதே ரூட்ல போனவ, ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. நோட்டரி விஷயம் நான் சொல்றேன்.

உங்க சர்வீஸ் உங்கள "டிஃபால்ட் வித் அக்ரிமெண்ட்"ங்கற வழில கொண்டுபோயிருக்கு. அதாவது அவங்க கோர்ட்ல எதுவும் ஃபைல் பண்ணல, ஆனா ரெண்டு பேரும் செட்டில்மெண்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க. இந்த வழில அவங்க கையெழுத்து நோட்டரி முன்னாடி போட்டதா இருக்கணும், ஏன்னா அவங்க நிஜமாவே சம்மதிச்சாங்களான்னு கோர்ட்டுக்குத் தெரிய வேற வழி இல்ல. இன்னொரு வழி, அவங்க எஃப்எல்-130, அதாவது நானும் கேஸ்ல வந்து சம்மதிக்கறேன்ங்கற ஃபார்மை, ஃபைல் பண்றது. அப்ப நோட்டரி வேண்டாம், ஆனா அவங்களுக்கும் தனியா 435 டாலர் ஃபீஸ். வருமானம் இல்லனா எஃப்டபிள்யூ-001ல ஃபீஸ் தள்ளுபடி கேட்டுப் பாக்கலாம்.

எஃப்எல்-142ல, அதான் சொத்து, கடன் பட்டியல் ஃபார்ம்ல, ஊர்ல இருக்கற மனை, பேங்க் டெபாசிட் எல்லாம் எழுதினீங்களா? அந்த சைட் "அமெரிக்காவுக்கு வெளிய சொத்து இருக்கா"ன்னு கேக்கவே கேக்காது, நான் அப்படித்தான் விட்டுட்டேன், அப்புறம் திருத்தி அவருக்கு மறுபடி அனுப்ப வேண்டியதாச்சு. 401கேங்கற ரிட்டயர்மெண்ட் சேமிப்பைப் பிரிக்கறீங்கன்னா அக்ரிமெண்ட்ல ஒரு வரி எழுதினா மட்டும் பத்தாது, க்யூட்ரோன்னு தனி ஆர்டர் வேணும், அது இல்லாம ப்ளான் நடத்தறவங்க ஒரு டாலர் கூட நகர்த்த மாட்டாங்க. குறைஞ்ச விலை பேக்கேஜ்ல க்யூட்ரோ வந்து நான் பாத்ததில்ல.

குறுந்தாடி:
கல்யாணம் இந்தியாலயா நடந்துச்சு? அப்படின்னா அந்த 435ஐ யோசிக்காம கட்டி எஃப்எல்-130 போடச் சொல்லுங்க.

காரணம் இதான். வெளிநாட்டுக் கோர்ட் தீர்ப்பு இந்தியால செல்லுமான்னு சிவில் ப்ரொசீஜர் கோட் 13ஆவது பிரிவை வச்சுப் பாப்பாங்க. 1991ல நரசிம்ம ராவ் – வெங்கட லட்சுமி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எந்தச் சட்டத்துல கல்யாணம் ஆச்சோ அதுக்குப் பொருந்தாத டைவர்ஸ் பொதுவா செல்லாது, ஆனா எதிர்த்தரப்பும் மனசாரச் சம்மதிச்சிருந்தா அது விதிவிலக்கு. பேப்பர்ல "டிஃபால்ட்"னு இருந்தா நாளைக்கு யாராவது ஒருத்தர் ஊர்ல மறுமணம் பண்ணும்போது "அந்தப் பொண்ணு ஆஜரே ஆகலயே"ன்னு ஒரு கேள்வி வரும். எஃப்எல்-130 இருந்தா அவங்களும் சேர்ந்தே கேட்டாங்கங்கறது கோர்ட் ஃபைல்லயே இருக்கும்.

எட்டாவது_மாடி:
கல்யாணம் மதுரைலதான். இது சுத்தமா தெரியாதுங்க அண்ணா.

மழைக்காலம்:
கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, அவங்க எந்த விசால இருக்காங்க?

எட்டாவது_மாடி:
எச்4, டிபெண்டண்ட் விசா. என் எச்1பி வேலை விசா மேலதான்.

மழைக்காலம்:
அப்ப பேப்பர் திரும்பி வந்ததே நல்லதுக்குன்னு சொல்லுவேன். டைவர்ஸ் ஃபைனல் ஆகற அன்னைக்கு அவங்க எச்4 அடிப்படையே போயிடும். இப்ப ஆறு மாசம் கையில இருக்கு, அதுக்குள்ள எஃப்1 ஸ்டூடண்ட் விசாவா வேற ஏதாவதான்னு ஒரு இம்மிகிரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பேசச் சொல்லுங்க. டைவர்ஸுக்கு வக்கீல் வேண்டாம்னு மிச்சம் பிடிச்ச காசை அங்க செலவு பண்ணுங்க. உங்க வக்கீல் வேண்டாம், அவங்களுக்குன்னு தனியா ஒருத்தர்.

பழையசோறு:
மறுபடி அனுப்பறதுக்கு முன்னாடி உங்க கவுண்டி கோர்ட்ல செல்ஃப் ஹெல்ப் சென்டர் இருக்கும், அங்க எடுத்துட்டுப் போய் காட்டுங்க, ஃப்ரீ. எந்த ஃபார்ம் விட்டுப்போச்சுன்னு பாத்துச் சொல்லுவாங்க. உண்மையைச் சொன்னா நீங்க அந்த சைட்டுக்குக் கட்டினதும் இந்த ஃபார்முக்குத்தான், அதே ஃபார்ம் எல்லாம் கோர்ட் சைட்ல சும்மாவே கிடைக்குது.

எட்டாவது_மாடி:
அப்டேட். செல்ஃப் ஹெல்ப் சென்டர்ல ஒரு அம்மா அந்த எஃப்எல்-115ஐ பாத்த உடனே சிரிச்சுட்டாங்க, வாரத்துக்கு நாலு பேர் இப்படி வர்றாங்களாம். ஜூலை 20 என் ஆபீஸ் ஃப்ரெண்ட் போய் பேப்பரைக் குடுத்தான், நான் கார்லயே உக்காந்துட்டேன். ஜனவரி 21க்கு முன்னாடி ஃபைனல் ஆகாதுன்னு சொன்னாங்க. எஃப்எல்-130 போடறதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம், ஃபீஸ் நான் கட்டறேன். ஊர்ல இருக்கற மனையையும் எஃப்எல்-142ல ஏத்தியாச்சு, அப்பா பேர்ல இருந்து எப்ப என் பேருக்கு மாறுச்சுன்னு பத்திரத்த ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி வீட்டுக்கு ஃபோன் பண்ணேன், அப்பதான் அம்மாவுக்கே விஷயம் தெரிஞ்சுது. மனைவி அடுத்த வாரம் இம்மிகிரேஷன் வக்கீலப் பாக்கறாங்க.